தீக்குச்சிகளின் வேடிக்கை

1915ல் தாதாசாஹேப் பால்கே ஒரு சிறு படம் எடுத்தார். மராத்தியில் அதன் பெயர் 'ஆக்காட்யாஞ்சீ மௌஜ்'. தமிழில் 'தீக்குச்சிகளின் வேடிக்கை' என்று சொல்லலாம். அதில் ராமன் இல்லை, அரிச்சந்திரன் இல்லை. தீக்குச்சிகள் தாமாகவே அசைந்தன, அவ்வளவுதான். குச்சியைக் கையால் இம்மியளவு நகர்த்தி ஒரு ஃப்ரேம் எடுப்பது, மறுபடி நகர்த்தி இன்னொரு ஃப்ரேம் எடுப்பது. திரையில் ஓட்டும்போது கை மறைந்துபோகும், அசைவு மட்டும் நிற்கும். பிரான்ஸில் எமில் கோல் 1908லேயே தீக்குச்சிகளை இப்படி ஆடவைத்திருந்தார். பால்கே அந்த வித்தையைக் கற்று யுத்த நெருக்கடிக் காலத்தில் இங்கே செய்து பார்த்தார்.

இந்திய ஸினிமாவின் சரித்திரத்தை 1913ம் வருஷத்து 'ராஜா ஹரிச்சந்திரா'விலிருந்து, அதாவது ஒரு கதையிலிருந்து, தொடங்கிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தப் படத்துக்குப் பணம் புரட்டுவதற்காக பால்கே முதலில் எடுத்தது ஒரு பட்டாணிச் செடியின் வளர்ச்சியை. தொட்டியில் விதை ஊன்றி, தினம் ஒரு ஃப்ரேமாக ஒரு மாதத்துக்கு மேல் எடுத்து, முளைத்துக் கொடியாவதைச் சில வினாடிகளில் காட்டினார். பணம் போடுகிறவனுக்கு அவர் காட்டியது கதையை அல்ல; காலத்தை மடிக்கவும் நீட்டவும் தெரிந்த ஒரு சாதனத்தை. 1917ல் படம் எடுப்பது எப்படி என்பதையே ஒரு படமாக எடுத்தார். அதன் மிச்சமிருக்கும் துண்டுகளில் பால்கேயே தோன்றி ஃபிலிமைக் கையில் பிடித்துப் பார்க்கிறார், நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஆக, நம் ஸினிமாவில் கதை சொல்லும் மரபும் சாதனம் தன்னையே பார்த்துக்கொள்ளும் மரபும் ஒரே வீட்டில் பிறந்தவை. ஒன்று வளர்ந்து நாட்டையே ஆண்டது. மற்றதை நாம் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்கிவைத்தோம்.

எம். புதுப்பட்டி, சிவகாசி, சாத்தூர் வட்டாரத்து வாசகனுக்கு இந்தத் தீக்குச்சிப் படத்தில் ஒரு தனி உறவு உண்டு. பால்கே குச்சிகளை ஆடவைத்தபோது சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பியது அதற்குச் சில வருஷங்கள் கழித்து. தொழில் இங்கே வேர்விட்டது 1923 வாக்கில். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும், மருந்து கைவந்ததால் பட்டாசும் பின்னால் வந்தன. பால்கேயும் ஸினிமாவுக்கு வருமுன் கல்லச்சுக்காரர். ரவிவர்மா படங்களின் அச்சுவேலையில் தேறியவர். வண்ண அச்சு கற்க ஜெர்மனி போய்வந்தவர். படத்தைப் பிரதி எடுப்பதில் தொடங்கிப் படத்தை அசையவைப்பதில் முடிந்தது அவர் பாதை.

இன்னொரு உறவு ரசாயன ரீதியானது. அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவம் பண்ணி எடுக்கிற, துப்பாக்கி மருந்துக்குப் பங்காளியான பொருள். பற்றிக்கொண்டால் தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது. எரியத் தேவையான ஆக்ஸிஜனை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. தீக்குச்சித் தலையின் மருந்துக்கும் பட்டாசு மருந்துக்கும் இதே தத்துவம்தான். 1950களில் எரியாத ஃபிலிம் வந்து நைட்ரேட்டை ஒழித்தது. ஆனால் பழைய பிரதிகள் எரிவது நிற்கவில்லை. 2003 ஜனவரியில் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்துக் கிடங்கில் ஏராளமான நைட்ரேட் பிரதிகள் எரிந்துபோயின. பால்கேயின் தீக்குச்சிப் படம் இன்று நம்மிடம் இல்லை. ஸினிமா என்பது ஒரு பொருள், கெடக்கூடிய, எரியக்கூடிய, தொலையக்கூடிய ஒரு பொருள் என்பதைக் கதையில் முழுகியிருக்கிற ரசிகன் உணர்வதில்லை. அந்த உணர்விலிருந்துதான் நான் சொல்லவரும் படங்கள் தொடங்குகின்றன.

இந்த வகைப் படத்தைப் 'பரிசோதனைப் படம்' என்று நாம் சொல்லிவருகிறோம். பரிசோதனை என்றதும் முடிவு தெரியாத, பாதியில் நிற்கிற ஒரு காரியம் என்ற அர்த்தம் ஒட்டிக்கொள்கிறது. விமர்சகர் அம்ரித் கங்கர் இதற்கு மாற்றாகப் 'பிரயோக ஸினிமா' என்ற சொல்லை முன்வைத்தார். பிரயோகம் என்பது தமிழ் வாசகனுக்கும் பழகிய சொல். சொல்லின் பிரயோகத்தைப் பார்க்காமல் கவிதையைப் பார்க்க முடியாது என்று இத்தனை வருஷமாக நாம் சண்டை போட்டிருக்கிறோம். ஃப்ரேமின் பிரயோகத்தையும் வெட்டின் பிரயோகத்தையும் பார்க்காமல் ஸினிமாவைப் பார்க்கலாம் என்று மட்டும் எப்படி ஒப்புக்கொண்டோம்?

பால்கேக்குப் பிறகு அந்த இரண்டாவது மரபு மறுபடி தலைதூக்கிய இடம் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத இடம்: பம்பாயில் ஒரு மத்திய சர்க்கார் ஆபீஸ்.

1943ல் வெள்ளைக்கார சர்க்கார் யுத்தப் பிரசாரத்துக்காக, நாட்டிலுள்ள ஒவ்வொரு கொட்டகையும் சர்க்கார் அங்கீகரித்த படத்தைக் காட்டியாகவேண்டும் என்று கட்டாயம் பண்ணியது. யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், கட்டாயம் திரும்பி வந்தது. 1948ல் ஃபிலிம்ஸ் டிவிஷன் ஏற்பட்டது. கொட்டகை லைசென்ஸின் நிபந்தனைகளில் ஒன்றாக, ஒவ்வொரு காட்சியிலும் ஏறத்தாழ இருபது நிமிஷம் வரை அங்கீகரிக்கப்பட்ட படம் ஓட்டவேண்டும். அதற்குக் கொட்டகைக்காரரே வாடகையும் கட்டவேண்டும். அணைக்கட்டு, அம்மைத் தடுப்பு, ஐந்தாண்டுத் திட்டம், மந்திரியின் அடிக்கல். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத அந்தக் கனத்த குரல். தமிழில் பேசினாலும் தமிழனுக்கு அந்நியமான குரல். அது ஓடும்போது வெளியே போய்ப் பீடி பிடித்துவிட்டு வருவது தமிழ்நாட்டு ரசிகனின் பிறப்புரிமையாக இருந்தது.

1964லிருந்து 1966 வரை இந்திரா காந்தி செய்தி ஒலிபரப்பு மந்திரியாக இருந்தார். அந்தச் சமயத்தில், 1965ல், ஜீன் பௌனகரி யுனெஸ்கோவிலிருந்து இரண்டாம் முறையாக ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு ஆலோசகராக வந்து 1967 வரை இருந்தார். மண்பாண்டக் கலைஞர், ஜாலவித்தை தெரிந்தவர். 1957ல் ராஜபுத்திர ஓவியங்களை மட்டும் வைத்து 'ராதா அண்ட் கிருஷ்ணா' எடுத்தவர். அவர் செய்த பெரிய காரியம் என்னவென்றால் ஆபீஸில் ஏற்கனவே இருந்தவர்களுக்குத் தடை போடாமல் இருந்தது. வெளியிலிருந்து ஓவியர்களைக் கூட்டிவந்தது. எம்.எஃப். ஹுசைனின் 'த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்டர்' 1967ல் வசனமோ விளக்கமோ இல்லாமல் ராஜஸ்தானத்தைக் காட்டி, பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி பெற்றது. சுக்தேவ், எஸ்.என்.எஸ். சாஸ்திரி, பிரமோத் பதி ஆகியோரின் முக்கியமான படங்கள் இந்தக் காலத்தையும் இதையொட்டிய சில வருஷங்களையும் சேர்ந்தவை.

பிரமோத் பதி கட்டாக்கில் பிறந்தவர். செக்கோஸ்லோவாகியாவில் யீரி டிரன்காவிடம் பொம்மைப் படம் கற்றுவந்தவர். 1968ல் அவர் செய்த 'எக்ஸ்ப்ளோரர்' ஏழே நிமிஷம். ஆடும் இளைஞர்கள், தெய்வப் படங்கள், விஞ்ஞானக் கருவிகள், முகங்கள் எல்லாம் கண் பதியுமுன் வெட்டப்பட்டு வெட்டப்பட்டு விழுகின்றன. விளக்கக் குரல் கிடையாது. பல ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்களுக்கு இசையமைத்தவரும், மதராஸில் பிறந்த புல்லாங்குழல் கலைஞருமான விஜய ராகவ ராவ் இந்த மாதிரிப் படங்களில் இசைக்கும் சப்தத்துக்கும் உள்ள வேலியைப் பிடுங்கிப் போட்டார். பதியின் 'ட்ரிப்' 1970ல் வந்தது. பம்பாய்வாசிகளின் ஒரு நாள் நான்கு நிமிஷத்தில் உதறிக்கொண்டு ஓடுகிறது. 'ஆபித்' ஓவியர் ஆபித் சூர்த்தியைப் பற்றியது; பற்றியது என்பதைவிட அவரைக் கொண்டு செய்தது என்பது சரி. மனிதர்களையே பொம்மைகளைப் போல ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி எடுக்கும் பிக்ஸிலேஷன் முறையில், ஓவியன் ஓர் அறைக்குள் தன் சித்திரங்களோடு தானும் ஒரு சித்திரமாகத் துள்ளுகிறான். பால்கேயின் தீக்குச்சி இருந்த இடத்தில் இப்போது மனிதன் இருக்கிறான் என்பதுதான் வித்தியாசம். பதி 1975ல், நாற்பது வயதைச் சற்றே தாண்டி, இறந்துபோனார்.

சாஸ்திரியின் 'அண்ட் ஐ மேக் ஷார்ட் ஃபிலிம்ஸ்' அதே 1968ல் வந்தது. 'அப்புறம், நான் குறும்படம் எடுக்கிறேன்' என்று இழுக்கிற தலைப்பிலேயே ஓர் அலுப்பும் ஒரு கிண்டலும் இருக்கின்றன. குறும்படம் எதற்கு, யாருக்கு, அதை எடுப்பவன் யார் என்ற கேள்விகளைத் துண்டு துண்டான பிம்பங்களும் பேச்சுமாகக் கலைத்துப் போடுகிறது படம். சம்பளம் கொடுக்கும் ஸ்தாபனத்தின் சம்பளத்தில், அந்த ஸ்தாபனத்தின் காமிராவில், இந்த ஸ்தாபனம் எதற்கு என்று கேட்பது லேசான காரியம் அல்ல. கோப்புக்கும் மேலொப்பத்துக்கும் நடுவே எழுதிப் பிழைக்கிற நம்மில் பலருக்கு அதன் கஷ்டம் தெரியும்.

1970ல் தையப் மேத்தா எடுத்த படத்தின் பெயர் 'கூடல்'. அந்தக் குஜராத்தி ஓவியர் தலைப்புக்குத் தமிழைத் தேடிவந்ததில் எனக்கு வியப்பு குறையவே இல்லை. பதினாறு நிமிஷம். பம்பாய் ஜனத்திரள், காளைமாடு, பாந்த்ரா கசாப்புக்கூடம். அவருடைய ஓவியத்தில் கடைசிவரை விழுந்துகொண்டேயிருந்த அந்தக் காளை. மேத்தா ஓவியப் பள்ளிக்குப் போகுமுன் ஸ்டூடியோவில் எடிட்டர் வேலை பார்த்தவர். எடிட்டர் மேஜையில் நடப்பதற்குக் 'கூடல்' என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. இரண்டு துண்டுகள் கூடுகின்றன; இரண்டிலும் இல்லாத ஒன்று பிறக்கிறது. மதுரைக்குக் கூடல் என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு மணலில் சுழி இழைத்து, அது கூடினால் தலைவன் வருவான் என்று குறிபார்ப்பதற்கும் கூடல் இழைத்தல் என்று பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்க இதற்கே கொடுத்தாள். கூடுமா கூடாதா என்று தெரியாமல் இழைப்பதுதான் கூடல். முன்பே முடிவைத் தெரிந்துகொண்டு வெட்டுகிறவன் செய்வது பிரசாரம். வடக்கே 'மாண்டாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லோடு போராடுகிறார்கள். நமக்கு ஒரு சொல் இருந்தது. அதை ஒரு பம்பாய் ஓவியர் எடுத்துக்கொண்டு போய்ப் பயன்படுத்தினார்; நாம் கவனிக்கவில்லை.

கவனித்திருக்கவேண்டிய வருஷங்கள் அவை. 1968ல் சேலத்திலிருந்து 'நடை' வந்தது. 1970ல் 'எழுத்து' நின்றது, 'கசடதபற' தொடங்கியது. சொல் வெறும் வண்டியல்ல, அதுவும் சரக்குதான் என்று நம் கவிஞர்கள் நிலைநாட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், பிம்பம் வெறும் வண்டியல்ல என்று பம்பாய் ஆபீஸில் சிலர் நிலைநாட்டிக்கொண்டிருந்தார்கள். நம் இதழ்களோ ஸினிமா என்றதும் கதையின் தரத்தைத்தான் பேசின. மோசமான கதைக்குப் பதில் நல்ல கதை, அத்தோடு திருப்தி.

இதற்கு ஒரு காரணம் நம்முடைய ஸ்தாபன எதிர்ப்பு. புதியது எதுவும் சர்க்காரிடமிருந்து வராது என்பது சிறுபத்திரிகையின் குலதர்மம். உலக சரித்திரம் அவ்வளவு சுலபமாக இல்லை. ஸினிமா சாதனத்தைப் பிரித்துப்போட்டுக் காட்டிய ஸீகா வெர்தாவின் 'மூவி காமிராவுடன் ஒரு மனிதன்' 1929ல் உக்ரேனிய அரசுப் படநிறுவனத்தில் உருவானது. காமிராவே இல்லாமல் ஃபிலிம் மேலேயே வர்ணம் தீட்டி லென் லை செய்த 'எ கலர் பாக்ஸ்' 1935ல் பிரிட்டிஷ் தபால் இலாகாவுக்காகச் செய்தது; கடைசியில் பார்சல் கட்டணத்துக்கு ஒரு விளம்பரம் வரும், அவ்வளவுதான் இலாகா கேட்டது. நார்மன் மக்லாரன் கனடா அரசின் படவாரியத்தில் வாழ்நாளெல்லாம் சம்பளக்காரர். எதிர்ப்பக்கத்தில் 1963ல் ஸ்டான் பிராக்கேஜ் கையில் காசில்லாமல் அந்துப்பூச்சிச் சிறகுகளை டேப்பில் ஒட்டி 'மாத்லைட்' செய்ததும் உண்மை. ஆகவே ஆபீஸா வெளியா என்பது கேள்வியே அல்ல. கதை சொல்லியாகவேண்டும், சேதி சொல்லியாகவேண்டும் என்ற கடமை கொஞ்சநேரம் கண்ணயர்கிற இடைவெளி எங்கே கிடைக்கிறதோ அங்கே சாதனம் தன்னைப் பார்த்துக்கொள்கிறது. இலக்கியத்திலும் இதைக் கண்டிருக்கிறோம். பிச்சமூர்த்தி கோவில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையில் இருந்தார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பத்திரிகைத் துண்டுகள் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

வெளியில் தனியாக நின்றவர்களின் கதியையும் பார்க்கவேண்டும். அக்பர் பதம்ஸீ நேரு ஃபெலோஷிப் பணத்தில் 1969ல் பம்பாயில் ஒரு பட்டறை வைத்தார். கோடுகளும் புள்ளிகளும் மட்டுமே கொண்ட, சப்தமில்லாத 'ஸிஸிஜி' அதில் பிறந்தது. இன்னொரு படம் 'ஈவன்ட்ஸ் இன் எ க்ளவுட் சேம்பர்'. ஒரே பிரதி இருந்தது, தொலைந்துபோயிற்று. 2016ல் அஷிம் அலுவாலியா அதே பெயரில், முதிய பதம்ஸீயை வைத்துக்கொண்டு, தொலைந்த படத்தை நினைவிலிருந்து மீட்கப் பார்த்தார். பால்கேயின் தீக்குச்சிகள் போன வழியிலேயே இதுவும் போனது. ஆபீஸ்காரர்களான பதியின், சாஸ்திரியின் படங்களோ கிடங்கில் நம்பர் போட்டுக் கிடந்து பிழைத்தன.

ஸ்தாபனத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்கவேண்டாம். 1975ல் நெருக்கடி நிலை வந்தது. ஒரு காலத்தில் இந்த இடைவெளியைத் திறந்துவிட்ட மந்திரி இப்போது பிரதமர். 'அண்ட் மைல்ஸ் டு கோ'வில் பணக்காரத் தட்டையும் பட்டினித் தட்டையும் மோதவிட்ட சுக்தேவ், 1976ல் 'தண்டர் ஆஃப் ஃப்ரீடம்' எடுத்து நெருக்கடி நிலைக்குக் குரல் கொடுத்தார். அதே வெட்டு, அதே வேகம், அதே கை. உருவத்தில் தேர்ந்தவன் தர்மத்திலும் தேர்ந்தவனாக இருப்பான் என்ற நம் அந்தரங்க நம்பிக்கைக்கு இதைவிட மோசமான அடி கிடையாது.

இன்னும் கடுமையான ஆட்சேபம் ஒன்று இந்த மண்ணிலிருந்தே வரும். தீக்குச்சிக்கு என்ன வேடிக்கை? 1970களிலும் 80களிலும் சிவகாசியைச் சுற்றிய கிராமங்களில் விடியுமுன் பஸ் வந்து குழந்தைகளை அள்ளிக்கொண்டு போகும். சட்டத்தில் குச்சி அடுக்குவது அந்தப் பிஞ்சு விரல்களின் வேலை. ஒரு குச்சி இன்னொன்றில் ஒட்டாமல் இடைவெளி விட்டு அடுக்கவேண்டும். அப்போதுதான் மருந்தில் முக்கும்போது தலை தனித்தனியாக நிற்கும். அடுக்கிய சட்டத்துக்கு இத்தனை பைசா என்று கூலி. சலம் பென்னுர்கர் 1990ல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று தமிழிலேயே ஆவணப்படம் எடுத்து இதைக் காட்டினார். அந்தக் குழந்தைக்கு 'எக்ஸ்ப்ளோரர்' எதற்கு என்று கேட்டால் அலங்காரமான பதில் சொல்வது அயோக்கியத்தனம்.

நேரான பதில் ஒன்று உண்டு. வருஷக்கணக்காக அந்தக் கனத்த குரல் நாட்டின் முன்னேற்றத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. இருட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது தெய்வ வாக்கு மாதிரி, கேள்விக்கு அப்பாற்பட்டது. குரலை எடுத்துவிட்டு, பிம்பம் எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்பதைக் காட்டுகிற ஏழு நிமிஷம், மிச்ச வாரங்களின் படங்களும் வெட்டி ஒட்டப்பட்டவைதான் என்று சொல்லிக்கொடுக்கிறது. அணைக்கட்டைக் காட்டியவன் எதைக் காட்டவில்லை என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கிறது. பென்னுர்கர் போன்றவர்களின் படத்துக்குப் பார்வையாளனைத் தயார்செய்வது இந்தக் கேள்விதான். சாதனத்தைப் பற்றிய அறிவு சோறு போடாது. ஆனால் சோறு போட்டாயிற்று என்று காட்டும் படத்தைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுக்கும்.

இதைக் கற்கும் தகுதி நம் பார்வையாளனுக்கு இல்லை என்பதும் பொய். நகரத்து ரசிகனுக்கு மெஷின் சுவருக்குப் பின்னால். டூரிங் டாக்கீஸ்காரனுக்கு மெஷின் முதுகுக்குப் பின்னாலேயே கடகடத்தது. பீடிப் புகையில் வெளிச்சக் கற்றை தெரிந்தது. ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள், கதை நின்றது, கார்பன் குச்சியைச் சரிசெய்தார்கள், மறுபடி ஓடியது. ஸினிமா துண்டுகளால் ஆனது என்பதை மணலில் உட்கார்ந்தவன் ஒவ்வொரு இரவும் கண்ணால் கண்டான். பகலில் பையன்கள் ஃப்யூஸ் போன பல்பின் வயிற்றைக் காலிசெய்து தண்ணீர் ஊற்றி, கொட்டகை வாசலில் பொறுக்கிய ஃபிலிம் துண்டை முன்னே பிடித்து, கண்ணாடிச் சில்லால் வெயிலைத் திருப்பி, இருட்டறை வேட்டியில் படம் காட்டினார்கள். காலணாவோ ஐந்து பைசாவோ வசூலும் உண்டு. கதை இல்லை, அசைவுகூட இல்லை. வெளிச்சம், லென்ஸ், ஒரு ஃப்ரேம். தமிழ்நாட்டின் பிரயோக ஸினிமாவுக்கு யாராவது சரித்திரம் எழுதினால் முதல் அத்தியாயம் இந்தப் பல்பிலிருந்துதான் தொடங்கவேண்டும். படிக்காதவனுக்குப் புரியாது என்று அதை நிறுத்திவைத்தவர்கள் படித்தவர்கள்.

2020 டிசம்பரில் மத்திய மந்திரிசபை ஃபிலிம்ஸ் டிவிஷனை தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்க முடிவுசெய்தது. 2022 மார்ச்சில் அந்த ஆபீஸ் தனி ஆபீஸாக இல்லாமல் போயிற்று. எட்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் கழகத்தின் பொறுப்புக்குப் போயின. பொதுக் கிடங்கில் உள்ளதைப் பொது ஜனம் பார்க்கும் உரிமை பற்றி அப்போது எழுந்த எதிர்ப்பில் தமிழ் எழுத்தாளர்களின் குரல் பலமாகக் கேட்கவில்லை. வருத்தம்தான், ஆச்சரியம் இல்லை. நமக்குத் தெரியாத ஒன்று போனால் நமக்கு எப்படி வலிக்கும்?

இப்போது காமிரா எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. சர்க்காரின் கனத்த குரலுக்குப் பதில் ஆயிரம் குரல்கள், எல்லாம் வெட்டி ஒட்டியவை, எல்லாம் தாமே உண்மை என்று சத்தியம் பண்ணுபவை. தமிழில் இன்று குறும்படம் என்று எடுக்கப்படுபவை பெரும்பாலும் பெரும்படத்துக்கு விண்ணப்பம். பத்து நிமிஷத்தில் ஒரு கதை சொல்லி, எனக்கு இரண்டரை மணி நேரம் கொடுங்கள் என்று கேட்பவை. அதில் தவறில்லை. பால்கேகூடப் பட்டாணிச் செடியை விண்ணப்பமாகத்தான் எடுத்தார். ஆனால் பணமும் வந்து, கதையும் எடுத்து, பேரும் கிடைத்த பிறகு தீக்குச்சிகளிடம் திரும்பிப்போனார். அந்தத் திரும்பிப்போதல் தமிழ் ஸினிமாவில் இன்னும் நடக்கவில்லை. அதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் நம் இதழ்களாவது கதைச் சுருக்கம் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரு வெட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பழகலாம்.